பாயின்ட் விட்ட பெட்டி

ஞானப்பிரகாசம் எலி அடிக்கத் துடைப்பத்தோடு ஓடி, வயரில் கால் தட்டி, தன் கடையின் வீடியோ கேம் பெட்டியைத் தானே கீழே தள்ளிவிட்ட அந்த ஆடி மாதக் காலையிலிருந்து, தூத்துக்குடி தோணிக்காரத் தெருவை விட்டு வெளியே போன ஒருவரும் போன காரியம் முடிகிறவரை போன இடத்தில் நின்றது கிடையாது. பெட்டி விழுந்ததும் டிவியில் ஓடிக்கொண்டிருந்த பந்தயக் கார் நட்ட நடு ரோட்டில் உறைந்தது, திரை கறுத்தது, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் பாட்டும் படமுமாக முதலிலிருந்து தொடங்கியது. அதே நொடியில், மீன் மார்க்கெட்டில் சாளைக்கு விலை பேசிக்கொண்டிருந்த பிரிஸ்கா தன் வீட்டு வாசற்படியில் நின்றபடி "சரி, இன்னும் ரெண்டு சேத்துப் போடு" என்று சாத்திய கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், சவரக்கடை நாற்காலியில் அண்ணாந்து கிடந்த அவள் புருஷன் கஸ்பார் பாதி முகத்தில் நுரையும் கழுத்தில் வெள்ளைத் துணியுமாக அவள் பக்கத்தில் வந்து நின்றான், பள்ளிக்கூடத்துக்கு விரட்டப்பட்ட பிள்ளைகளெல்லாம் வாய்ப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அவரவர் வாசலில் வந்து நின்று, அடி விழுமோ என்று அம்மாமார் முகத்தைப் பார்த்தார்கள். தெருமுனைக் கடையில் யாருடைய ரேடியோவையோ பிரித்துப் போட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்த ரெக்சலின், சூடான சால்டரிங் அயர்ன் கையோடு தன் வீட்டு வாசலில் நின்றாள். பிளக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த அதன் வயர் வாலாகப் பின்னால் தொங்கியது.

யாரும் அலறவில்லை. வெயில் தலைக்கு ஏறியிருக்கும் என்று பிரிஸ்கா ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மார்க்கெட்டுக்குப் புறப்பட்டாள். சவரக்காரர் கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு இரண்டு தெரு தாண்டி நடந்தே வந்து, "அரை மூஞ்சியோட ஒருத்தன அனுப்பிச்சேன்னு எனக்குல்லா கெட்ட பேரு" என்று கஸ்பாரை வாசலிலேயே உட்காரவைத்து மிச்சத்தை மழித்துவிட்டுப் போனார். பிரிஸ்கா மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் தெருவில் ஒரு உப்பு லாரி போயிற்று, கடையின் சுவர் அதிர்ந்தது, பெட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, எல்லோரும் மறுபடி வாசலுக்கு வந்தார்கள். அப்போதுதான் ஞானப்பிரகாசம் ரெக்சலினைக் கடைக்குக் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டினார்.

அந்தப் பெட்டி ரெக்சலினின் புருஷன் டெரன்ஸ் மாலத்தீவிலிருந்து கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தது. தோணியில் இன்ஜின் டிரைவர் அவன். நகல் எடுத்த டிஸ்க்கையும் ஓட்டுவதற்காக அதன் வயிற்றுக்குள் எவனோ ஒரு குட்டிச் சிப்பை வைத்து, அதிலிருந்து முடி மாதிரியான கம்பிகளை இழுத்துப் போர்டில் அங்கங்கே பற்றவைத்திருந்தான். விழுந்த வேகத்தில் அதில் ஒரு கம்பியின் பாயின்ட், அதாவது ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம், விட்டுப்போய்விட்டது. சும்மா விடவில்லை, கடுகைவிடச் சின்னதான செப்புப் பொட்டையும் போர்டிலிருந்து உரித்துக்கொண்டு எழும்பியிருந்தது. பொட்டு போன இடத்தைத் தொட்டும் தொடாமலும் கம்பி கிடந்தது. தொட்டால் ஆட்டம் ஓடும். லாரி போனாலோ, யாராவது பலமாகத் தும்மினாலோ விட்டுவிடும், உடனே ஆட்டம் முதலுக்கு வரும், தெருவும் வாசலுக்கு வரும். பெட்டிக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் உண்டு. பதில் சொன்னவர் ஒருவரும் இல்லை, கொஞ்ச நாளில் கேட்கிறவர்களும் ஓய்ந்துபோனார்கள்.

பெட்டியை அணைத்து மூலையில் போட்டுவிட்டால் என்ன என்று ஒருநாள் அணைத்தும் பார்த்தார்கள். அணைத்தால் படி தாண்ட முடியவில்லை. காலைத் தூக்கி வெளியே வைத்தால் கால் உள்ளேதான் இறங்கியது. கஸ்பார் வீம்புக்கு ஓடிவந்து குதித்துப் பார்த்தான், குதித்தவன் குதித்த இடத்திலேயே விழுந்தான். பெட்டி ஓடினால் போகலாம், ஆனால் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரவேண்டியிருக்கும்; அணைந்தால் போகவே முடியாது. ஆகவே கோயில் கமிட்டி கூடிப் பேசி, கரண்டு போனாலும் பெட்டி அணையாதிருக்க ஞானப்பிரகாசம் கடைக்கு ஒரு இன்வெர்ட்டர் வைத்துக் கொடுத்தது. கடைக்குப் பின்னாலேயே வீடும் இருந்ததால் பெட்டியைக் காவல் காப்பது அவர் பொறுப்பாயிற்று.

மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்! கையில் பிடித்திருப்பது கூடவே வரும் என்று தெரிந்துகொண்ட பெண்கள், கடைத்தெருவில் பையைத் தரையில் வைக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டே சாமான் வாங்கினார்கள். சைக்கிளில் போனவன் வாசலுக்கு வந்துவிடுவான், தரையைத் தொட்டுக்கொண்டிருந்த சைக்கிள் போன இடத்தில் சாய்ந்து கிடக்கும். யாராவது நல்லவர்கள் உருட்டிக்கொண்டு வந்து தெருமுனையில் நிறுத்திவிட்டுப் போனார்கள். பஸ் கண்டக்டர்கள் இந்தத் தெரு ஆட்களுக்கு சீட்டுத் தருவதில்லை, "நீங்க நின்னுக்கிட்டே வாங்க, எப்படியும் பாதி வழியில எந்திரிச்சுப் போயிருவிய" என்றார்கள். கோயிலில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தபோது தாலி கட்டுகிற நேரம் பார்த்து மணப்பெண் வாசலுக்குப் போய்விட, மாப்பிள்ளை வெளியூர்க்காரன், தாலியைக் கையில் பிடித்தபடி திருதிருவென்று விழிக்க, பங்குச் சாமியார் ஒரு பெருமூச்சு விட்டுப் பீடத்திலிருந்து இறங்கி, மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய், பெண்வீட்டு வாசலிலேயே கல்யாணத்தை முடித்துவைத்தார். அதற்குப் பிறகு தெருக்காரர்களுக்கு ஞானஸ்நானம்கூட வாசலிலேதான்.

பழகியது மட்டுமல்ல, பிடித்தும்போய்விட்டது. ஒயின்ஷாப்புக்குக் கிளம்பும் கஸ்பார் பாலத்தைத் தாண்டுவதற்குள் வாசலுக்கு வந்துவிடுவான்; மறுபடி கிளம்புவான், மறுபடி வருவான்; சலித்துப்போய் ஒருநாள் பிரிஸ்காவோடு உட்கார்ந்து பூண்டு உரித்தான். சண்டை போட்டுக்கொண்டு அம்மாவீட்டுக்குப் போன மருமகள்கள் அழுகை காய்வதற்குள் திரும்பி வந்தார்கள். ஒருவரோடொருவர் முகம் பாராத அண்ணன் தம்பி, ஒட்டிய வாசல்காரர்கள், தினமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்று நின்று, கடைசியில் ஒருநாள் "என்ன, மழை வரும் போலிருக்கு" என்று பேசிவிட்டார்கள். பெட்டியை யாரும் தொடக்கூடாது என்று கமிட்டி முடிவெடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோ அதற்கு ஒரு முழம் மல்லிகைகூட வைத்தார்கள்.

இதிலெல்லாம் ரெக்சலினுக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஏனென்றால் ஆடியும் ஆவணியும் தோணிகள் கரையில் கட்டிக்கிடக்கிற காலம், அதனால் டெரன்ஸ் வீட்டில் இருப்பான். புரட்டாசியில் கடல் திறந்ததும் கிளம்பிவிடுவான். அப்புறம் வருஷத்தின் முக்கால்வாசி அவள் ஒருத்திக்கு மட்டும் உலை வைப்பாள். தெருவுக்குப் பெயர்தான் தோணிக்காரத் தெரு, தோணிக்குப் போகிறவன் இப்போது அவன் ஒருத்தன்தான். போகிறவனிடம் பெண்டாட்டி "போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தோணி கரை சேராது என்பது அந்தத் தெருவில் வழிவழியாக வந்த பயம். ஆகவே கிளம்புகிற நாளில் பெண்கள் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து ரெக்சலினும் அப்படியே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இந்த வருஷம் அவள் சொல்லவேண்டாம். பெட்டி சொல்லும்.

கடல் திறந்தது. டெரன்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போனான், வந்தான். போனான், வந்தான். பழைய துறைமுகத்துக்கு நடந்து பார்த்தான், ஆட்டோவில் போய்ப் பார்த்தான், கோயில் மணி அடிக்கும்போது லாரி வராது என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஓடியும் பார்த்தான். போகாத நேரங்களில் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவன் போல் நடந்தான். சோற்றுக்கு உட்கார்ந்தால் எழுந்துவிடுவான், படுத்தால் புரளுவான், பேச்சைத் தொடங்கினால் முடிக்கமாட்டான். ரெக்சலின் அதையெல்லாம் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். ஆனால் ஒன்றை மட்டும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தெருவில் திரும்பி வருகிற எல்லோரும் வீட்டுக் கதவைப் பார்த்தபடி வந்து நின்றார்கள். டெரன்ஸ் மட்டும் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி வந்து நின்றான்.

"ரெக்ஸி, அந்த பாயின்ட்ட நீதான பத்தவைக்கணும்?" என்று கேட்டான் ஒருநாள். "ஒரு மத்தியான வேலைன்னு நீயே சொன்னியே."

"பொட்டே பேந்து போயிருக்குங்க. அதுல ஈயம் நிக்காது. போர்டு மேல உள்ள பச்சைப் பூச்ச சொரண்டி, பக்கத்துல போற செப்புக் கோட்டுல கம்பி இழுக்கணும். அந்த மெல்லிசுக் கம்பி மதுரையிலிருந்துல்லா வரணும்."

"மதுரைக்கு யாரு போயிட்டு வர முடியும்?"

"பார்சல்ல வரும்."

கம்பி அவளுடைய மேஜை டிராயரிலேயே ஒரு முழுச் சுருளாகக் கிடந்தது. பொய் சொன்ன வாய்க்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ரேடியோவைப் பிரித்தவள் மூடாமல் மிக்சியைப் பிரித்தாள், மிக்சியை மூடாமல் இன்னொன்று. அவனுக்கு இருந்த இருப்புக்கொள்ளாமை இவளுக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் ஒரே வீட்டில், கூண்டுக்குள் விட்ட இரண்டு அணில் மாதிரி, ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு தோணியைச் செலுத்துகிற தலைவர், தண்டல் மிக்கேல், ஆள் அனுப்பினார். சரக்கு ஏற்றியாயிற்று, வெங்காயம் அழுகிக்கொண்டிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் டெரன்ஸ் வராவிட்டால் வேறு டிரைவர் போவான், அப்புறம் அடுத்த வருஷமும் அவனேதான். அதைக் கேட்டதும் டெரன்ஸ் பையைத் தரையில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான். அன்று முழுவதும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ரெக்சலின் கம்பி வந்துவிட்டது என்றாள். தூசி தட்டப் போகிறேன் என்று கமிட்டிக்கு ஒரு சாக்குச் சொல்லி, பெட்டியை அணைத்துத் திறந்து, சுருளிலிருந்து ஒரு துண்டு நறுக்கி வேலையை முடித்தாள். அந்த மாதிரிக் கம்பிக்கு மேலே எனாமல் பூச்சு உண்டு. முனையில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஈயம் வைக்கவேண்டும். சுரண்டாமல் வைத்தாலும் ஈயம் குண்டாக, பளபளவென்று உட்காரும், பார்க்கிறவனுக்குப் பற்றவைத்ததாகவே தெரியும், ஆனால் உள்ளே கரண்டு பேசாது. தொழில் பழகுகிற புதுசில் எல்லோரும் செய்கிற தப்பு. அந்தத் தப்பை அவள் தெரிந்தே செய்தாள். அடியில் பழைய கம்பி தன்பாட்டுக்குத் தொட்டும் தொடாமலும் கிடந்தது.

"ஆச்சா?" என்றான் டெரன்ஸ்.

"ஆச்சு."

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. குளித்தான், வெள்ளைச் சட்டை போட்டான், தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டான், கஸ்பாரைக் கட்டிப்பிடித்தான். அடுப்படிக்கு வந்து, வழக்கத்துக்கு விரோதமாக, அவள் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் போனான். தெருமுனையைத் தாண்டினான், பாலத்தைத் தாண்டினான், துறைமுக வாசலையும் தாண்டினான். இவ்வளவு தூரம் அந்த மாதங்களில் தெருக்காரர் யாரும் போனதில்லை. ரெக்சலினுக்குப் பயம் வந்தது. லாரியே வரவில்லை. அவன் நடுக்கடலுக்குப் போனபிறகு வந்தால்? இன்ஜினைப் போட்டுவிட்டு ஆள் மாயமானால் தோணியில் இருக்கிற மற்றவர்கள் கதி என்ன? இவ்வளவு நாளும் இது ஏன் தன் புத்தியில் உறைக்கவில்லை என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஞானப்பிரகாசம் கடைக்கு ஓடினாள். அவள் எட்டுவதற்குள் லாரி வந்துவிட்டது, அவளையும் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது.

வாசலில் அவன் வந்து நின்றான். கதவுக்கு முதுகு, தெருவுக்கு முகம். தோணியின் ஏணிப்படியில் ஏறுவதற்காகத் தூக்கிய வலது கால் தூக்கியபடியே இருந்தது. படி இருக்கும் என்று நம்பி அந்தக் காலை ஊன்றினான். படி இல்லை. வெள்ளைச் சட்டையோடு தெருவில் குப்புற விழுந்தான்.

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள், அந்தத் தெருவில் அது தினமும் நடக்கிற சிரிப்புத்தான். எழுந்திருப்பான் என்று பார்த்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தான். சிரிப்பு ஒவ்வொரு வாசலாக அணைந்தது. ரெக்சலின் அவனைத் தூக்கி உட்காரவைத்தாள். உதடு கிழிந்திருந்தது.

"எனாமல நீ சொரண்டல, என்ன?" என்றான்.

அவள் அவன் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"நானும் மோட்டார்க் காயில் சுத்துறவன்தான் ரெக்ஸி. போறதுக்கு முந்தி திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். உன் கை வேலையப் போயி நான் திறந்து பாக்கவான்னு விட்டுட்டேன்."

அவளுக்கு அழுகை வெடித்தது. "எனக்கு வேற வழி தெரியலங்க. வாயால சொன்னா தோணிக்கு ஆவாதுன்னு சொல்லுதாவ. எத்தன வருசம் நான் அந்த அடுப்பையே பாத்துக்கிட்டு நிக்க?"

"இப்ப தோணி கரையிலதான கெடக்கு. இப்பச் சொல்லு."

தெருவே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ரெக்சலின் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போவாதீய," என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னதால் அது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

டெரன்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இருன்னா இருக்கேன்," என்றான். "மெய்யாத்தான் சொல்லுதேன். உன் மேல ஆசையில்லாம இல்ல. ஆனா எப்படி வந்து நிக்கேன்னு நீயும்தான பாக்க. அப்படித்தான் இருப்பேன். அது பரவாயில்லன்னா சொல்லு, பையப் பிரிச்சிருதேன்."

பரவாயில்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவனுடைய முதுகை இனி தினமும் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தாள். அதைவிட அந்த ஆளில்லாத வாசல் எவ்வளவோ மேல் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, மறுநிமிஷம் தோன்றவில்லை. இருந்தாலும் எழுந்து, தன் கடைக்குப் போய், அயர்னையும் ஈயத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஞானப்பிரகாசம் கடைக்கு நடந்தாள்.

பெட்டியை அவள் அணைத்ததும் தெருவில் ஒருவராலும் படி தாண்ட முடியவில்லை. நோக்கம் தெரிந்துவிட்ட தெரு வாசல்களில் நின்றபடி சத்தம் போட்டது. எல்லோரையும்விடப் பிரிஸ்காவின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. "ஏ ரெக்ஸி! உன் புருஷன் போறதுக்கு என் புருஷனையும் சேத்து அவுத்து விடுதியா? ரெண்டு மாசமாத்தான் அவன் என்னை அடிக்கல, கேட்டியா? ரெண்டு மாசமாத்தான் நான் மனுஷியா இருக்கேன்!"

ரெக்சலினுக்கு அது குத்தியது. சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எக்கா, அவரு கை ஓங்குனா என் வீட்டுக்கு வா. கதவு திறந்துதான் இருக்கும்," என்றாள். "வேற என்ன சொல்ல எனக்குத் தெரியல." பிரிஸ்கா அதற்கும் ஏசினாள். கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

போர்டின் பச்சைப் பூச்சை பிளேடு முனையால் சுரண்டினாள். முடி அகலத்துக்குச் செப்புக் கோடு மின்னியது. பழைய கம்பியை, உரிந்த பொட்டோடு சேர்த்து எடுத்துப் போட்டாள். புதுக் கம்பியின் முனையைச் சுரண்டினாள். போதும் என்று தெரிந்தும் இன்னும் சுரண்டினாள். பேஸ்ட் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அயர்னை வைத்தாள், ஈயம் ஒரு நொடியில் உருகிப் பரவி அடங்கியது. ஆறியதும் கம்பியை விரல் நகத்தால் நெருடிப் பார்த்தாள். அசையவில்லை. மீட்டரை வைத்தாள், கரண்டு ஓடுவதற்கு அடையாளமாகப் பீப் என்றது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பெட்டியைப் போட்டதும் டெரன்ஸ் கிளம்பினான். அழுக்குச் சட்டையோடே போனான். இருவரும் முதலிலேயே பேசிவைத்திருந்தார்கள்: அவன் தோணியில் ஏறி நிற்பான், இவள் இங்கே பெட்டியின் பொத்தானை அமுக்கி ஆட்டத்தை முதலுக்குக் கொண்டுவருவாள். அவன் வாசலுக்கு வந்துவிட்டால் தோணி இருக்கட்டும். வராவிட்டால் தண்டல் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஹாரன் அடிப்பார். வீம்பு பிடித்த கஸ்பாரும் பாலத்தின் பக்கமாகப் போனான். அவன் போவதைப் பிரிஸ்கா வாசலில் நின்று பார்த்தாள்.

டெரன்ஸ் தோணியில் ஏறியிருக்கும் நேரம் ஆயிற்று என்று பட்டதும் ரெக்சலின் பொத்தானை அமுக்கினாள். கார் உறைந்தது, திரை கறுத்தது, பாட்டு வந்தது. அவள் பெட்டிக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள், வாசலுக்குப் போகவில்லை. எதிரே அவள் வீட்டு வாசலில் யாரும் இல்லை. பிரிஸ்கா வீட்டு வாசலில் பிரிஸ்கா மட்டும் நின்றாள்.

"நல்லாப் பிடிச்சிருக்கு," என்றார் ஞானப்பிரகாசம். "உன் கை வேலையச் சொல்லவா வேணும்."

அவள் மறுபடி அமுக்கினாள். வாசலைப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள்.

"அதான் சரியாயிட்டே ரெக்ஸி. போதும், விடு."

கயிறு அவிழ இன்னும் நேரம் இருந்தது. கடலில் ஆள் இல்லை, கரையில்தான் நிற்கிறான், இப்போது வந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவள் வாசலை விட்டுக் கண்ணை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள். பாட்டு தொடங்கித் தொடங்கி நின்றது.

துறைமுகத்துப் பக்கமிருந்து ஹாரன் கேட்டதும் விரலை எடுத்துவிட்டாள்.